கமெராவும் கணினியும்

கணினியோடு இணைத்த வீடியோ கமெரா திரையில் தோன்றாதவிடத்து, கமெரா பழுதடைந்துவிட்டது என முடிவுகட்டுவோர் பலர். அம்முடிவு பெரும்பாலும் அவசரமானது.

1995ஆம் ஆண்டில் அறிமுகமான மினி டீவீ நாடாவைப் பயன்படுத்தும் கமெராக்கள் பலவற்றில் இரு இணைப்புத் துவாரங்கள் உண்டு. யூஎஸ்பித் துவாரம் பெரும்பாலும் நினைவட்டையிலுள்ள நிழற்படங்களுக்கே உரியது. நாடாவிலுள்ள அசையும் படம் பயர்வயர் எனும் வடத்தின் வழியே வெளிவரும். ஆதலின் முதற்கண் நோக்கவேண்டியது, பூட்டிய வடம் எது என்பதாகும். அடுத்து, கமெரா பதிவுநிலையிலன்றி, பதிந்ததை ஓட்டிக்காட்டும் நிலையில் இருத்தல் வேண்டும்.

இன்றைய கணினிகளிற் பெரும்பாலானவற்றில் பயர்வயர்த் துவாரம் இல்லை. முனையின் உருவை மட்டும் யூஎஸ்பியாக மாற்றும் மலிவான இணைப்பி இங்கு உதவாது. இரண்டினதும் சமிக்ஞை முறைகள் வெவ்வேறானவை. பயர்வயர் அட்டை பொருத்திய மேசைக் கணினியை நாடுவதே தக்கது.

ஒரு மணிநேர நாடாவைக் கணினியிற் சேர்க்க ஒரு மணிநேரமும் ஏறத்தாழ 13 கிகாபைற்று இடமும் தேவை. இத்துணை முயற்சி எதற்கு என ஒருவர் வினவலாம். அலுமாரியிற் கிடக்கும் அந்நாடாவில் திருமணவீட்டுச் சிரிப்பொலியும் மறைந்த பாட்டியின் குரலும் இருக்கக்கூடும். நாடாவின் காந்தப்பூச்சோ காலப்போக்கில் நலிவது. அதனைப் படிக்கவல்ல கமெராக்களும் அருகி வருகின்றன. எனவே, பழுதெனக் கூறிக் கமெராவை எறிபவர் தம்மையறியாமலே அக்குரலையும் எறிந்துவிடுகின்றார்.