வருஷம் பார்க்கும் கண்

பாட்டியின் தகர டப்பாவில் ஓட்டைக் காலணாக்கள் குவிந்து கிடக்கும். 1943 முதல் 1947 வரை அடித்தவை. போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டார்கள். வீட்டுக்கு வீடு இருக்கிற காசு என்பதால் இன்றும் அவற்றுக்குப் பெரிய விலை இல்லை. "பழசுன்னு மயங்காதே மாப்ளே, வருஷத்தைப் பாரு" என்பார் மாமா.

அவர் தேடியது ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாயை. பம்பாய் அக்கசாலையில் அடித்தது. மறுவருஷமே ரூபாயில் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சொச்சத்திலிருந்து ஐம்பதாக இறங்கியது. நல்ல வெள்ளி உருக்குக்குப் போயிற்று. எங்கள் வீட்டிலேயே ராஜா தலை ரூபாய்கள் கொலுசாகியிருக்கின்றன. அவற்றில் எந்த வருஷத்துக் காசு இருந்ததென்று யார் பார்த்தார்கள்? எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை மிஞ்சின என்பதுதான் கணக்கு.

உருக்கு என்றதும் 1911 ரூபாய் ஞாபகம் வருகிறது. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த யானை, தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி போலத் தெரிந்தது. ஜனங்கள் கொதித்தார்கள். 94 லட்சம் அடித்ததில் ஏறக்குறைய 7 லட்சம்தான் வெளியே வந்திருந்தது. மீதியை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

காசில் இருக்கும் வருஷத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. விக்டோரியா ராணியின் 1862 ரூபாயை 1873 வரை அதே வருஷம் போட்டே அடித்தார்கள். சில காசுகளில் குட்டிப் புள்ளிகள் இருக்கும். அவற்றை எண்ணித்தான் அடித்த ஆண்டைக் கணிக்கிறார்கள். மாமா லென்ஸை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணுவார். கூப்பிட்டால் காதில் விழாது.

சுதந்திர இந்தியக் காசிலும் வருஷத்துக்குக் கீழே பார்க்க வேண்டும். வைரக் குறி என்றால் பம்பாய், நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லையென்றால் கல்கத்தா. ஒரே வருஷத்தில் ஓர் ஊர்க் காசு மலிந்து கிடக்கும், இன்னோர் ஊர்க் காசு கண்ணிலேயே படாது.

அதே 1939க்குத்தான் போலியும் வந்தது. வேறு வருஷத்து ரூபாயில் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கிவிடுவார்கள். லென்ஸில் அந்த எண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளி சுரண்டிய தடம் தெரியும். மற்ற மூன்று எண்களின் தேய்மானம் அதற்கு இருக்காது. பக்கத்தில் சந்தேகமில்லாத காசு ஒன்றை வைத்து எண்ணோடு எண் ஒப்பிட வேண்டும். எடையும் பார்க்க வேண்டும், நல்ல ரூபாய் 11.66 கிராம்.

வெள்ளி கறுத்திருந்தால் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். தேய்க்கவே கூடாது. அந்தக் கறுப்பு பல வருஷம் படிந்தது, காசின் மேனியைக் காப்பது. பளபளப்புக்கு ஆசைப்பட்டுத் தேய்த்தால் எண்ணின் கூர்மை போய்விடும். அப்புறம் அரிய வருஷமே கையில் இருந்தாலும் வெள்ளியின் எடைக்குத்தான் விலை சொல்வார்கள்.