பாட்டி பார்த்த விடியல்

சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் சாலையில் காரை மெதுவாக்கச் சொன்னார் பாட்டி. "அதோ, அங்கதான்யா என் நிரை." எனக்குச் செம்பனை மட்டுமே தெரிந்தது. முப்பது வருடம் அவர் மரம் வெட்டிய காட்டில் இப்போது பால்மரமே இல்லை.

வானொலியில் பேசிப் பிழைக்கும் நான், சில மாதங்களாக அக்ரிலிக் ஓவியம் பழகுகிறேன். பாட்டியின் தோட்டத்தை வரைந்து வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது ஆசை. கோயிலுக்குப் பின்னால் மிஞ்சி நின்ற சில பால்மரங்களின் நிழலில் கேன்வாஸை வைத்தேன். ஆரஞ்சு வானம், பச்சை வரிசைகள். வெயிலுக்குத் தட்டிலேயே சாயம் காய்ந்தது. தண்ணீர் தெளித்துத் தெளித்து வரைந்தேன்.

சாயத்தோடு கலக்கும் வெள்ளைத் திரவத்தைப் பாட்டி விரலில் தொட்டுத் தேய்த்தார். "என்னய்யா, நம்ம பால் மாதிரியே இருக்கு!"

உண்மைதான். இரண்டுமே தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்கள். தண்ணீர் வற்றினால் துகள்கள் ஒட்டி ஏடாகும், வெள்ளை போய்விடும். அதனால்தான் அக்ரிலிக் நிறம் காய்ந்ததும் கொஞ்சம் இருளும். என் வானமும் மங்கியது. அலுத்துக்கொண்டேன்.

"இன்னும் இருட்டாகணும்யா. இந்த வெளிச்சத்துல யாரு மரம் வெட்டுனா? இருட்டுலயே பெரட்டு. தலையில விளக்கு. அது படுற இடத்துல பட்டையும் வெள்ளைக் கோடும்தான் தெரியும்."

வெயில் ஏறினால் மரத்துக்குள் அழுத்தம் குறைந்து பால் நின்றுவிடும். குளிர்ச்சி இருக்கும்போதே வெட்டியாக வேண்டும். பாட்டியின் விடியலில் ஆரஞ்சு வானத்துக்கு இடமில்லை.

இதே நெகிரி செம்பிலானின் லெங்கெங்கில் 1941-ல் பிறந்தவர் ஓவியர் லத்தீஃப் மொஹிடின். 1960களில் அவர் வரைந்த 'பாகோ பாகோ' ஓவியங்களில் செடியும் கட்டடமும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். இடத்தை ஏன் உள்ளபடி வரையவில்லை என்று முன்பு யோசித்ததுண்டு. பாட்டி பேசியபோது பிடிபட்டது: ஓர் இடம் அங்கே வாழ்ந்தவர் மனத்தில் எப்படித் தங்கியிருக்கிறதோ, அதையும் வரையலாம்.

அக்ரிலிக்கில் ஒரு வசதி, காய்ந்ததன் மேலேயே உடனே வரையலாம். ஆரஞ்சு வானத்தைக் கருநீலத்தால் மூடினேன். ஒரே ஒரு மரம். விளக்கொளியில் சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு.

பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிய்யா. மங்கு வைக்காம விட்டுட்டியே, பால் எல்லாம் கீழ போகுது பாரு."

அவசரமாக ஒரு மங்கு வரைந்தேன்.