மூன்று அங்குல மீனும் மின்னாக்கி இல்லாத அணையும்

சுற்றுச்சூழல் சட்டங்களைக் கேலி செய்ய விரும்பும் அமெரிக்க அரசியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கையாளும் உதாரணம் ஒன்று உண்டு: மூன்று அங்குல மீனுக்காக நாட்டின் மின்சாரத்தையே தடுத்தார்கள் என்பது. நத்தைகளை உண்டு வாழும் ஸ்நெய்ல் டார்ட்டர்தான் அந்த மீன். 1973 ஆகஸ்டில் லிட்டில் டென்னசி ஆற்றில் விலங்கியலாளர் டேவிட் எட்னியர் அதைக் கண்டறிந்தார். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டது அவ்வாண்டு டிசம்பரில். ஆற்றின் குறுக்கே டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமோ 1967 முதலே டெல்லிக்கோ அணையைக் கட்டிவந்தது.

ஆனால் அந்த அணையில் மின்னாக்கி ஒன்றுகூட இல்லை. தேங்கும் நீரைக் கால்வாய் வழியே பக்கத்து ஃபோர்ட் லூடன் அணைக்குத் திருப்பி, அங்கே சற்றுக் கூடுதலாக மின்சாரம் எடுப்பதே திட்டம். ஏரிக்கரையில் டிம்பர்லேக் என்றொரு புதுநகரம் எழும், தொழில்கள் பெருகும் என்பதே பெரிய கனவு. அதற்காக எடுக்கப்பட்ட நிலம் சுமார் 38,000 ஏக்கர். நீரில் மூழ்குவதோ அதில் பாதிக்கும் குறைவு. மூழ்காத நிலத்தையும் உழவர்கள் இழந்தார்கள். எரிபொருள் நெருக்கடிக் காலத்தில் 'மின்சாரம்' என்ற ஒரு சொல்லே இவற்றையெல்லாம் மறைக்கப் போதுமானதாக இருந்தது.

1978 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அணையை நிறுத்தியது. சட்டத்தில் விலக்குக்கு இடமில்லை என்று தலைமை நீதிபதி பர்கர் எழுதினார். உடனே நாடாளுமன்றம் விலக்களிக்கும் அதிகாரத்துடன் உயர்மட்டக் குழு ஒன்றை உருவாக்கியது. ஓர் உயிரினம் வாழ்வதா அழிவதா என்று முடிவுசெய்வதால் 'கடவுள் குழு' என்று அதற்குப் பட்டப்பெயர். 1979 ஜனவரியில் அக்குழுவும் ஒருமனதாக மறுத்தது. மீன்மேல் கொண்ட இரக்கத்தால் அன்று. ஏறத்தாழ முடிந்துவிட்ட அணையின் எஞ்சிய பணிக்கான செலவுக்குக்கூடப் பலன் ஈடாகாது என்ற கணக்கால். நீதிமன்றத் தீர்ப்பை நினைவில் வைத்திருப்போர் இந்தக் கணக்கை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

அவ்வாண்டே செலவின மசோதா ஒன்றுக்குள் டெல்லிக்கோவுக்கு மட்டும் விலக்களிக்கும் வரிகள் செருகப்பட்டன. செப்டம்பரில் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்டார். மூதாதையரின் புதைகுழிகளைக் காக்கச் செரோக்கி மக்கள் தொடுத்த வழக்கு தோற்றது. நவம்பர் 29 அன்று மதகுகள் இறங்கின. செரோக்கி மொழிக்கு எழுத்து வகுத்த செகோயா பிறந்த ஊரும், மாநிலத்துக்கே பெயர் தந்த டனாசியும் நீருக்குள் போயின.

மீன் பிழைத்துக்கொண்டது. வேறு ஆறுகளில் விடப்பட்டும், பின்னர் வேறிடங்களில் கண்டறியப்பட்டும் பெருகி, 2022-இல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீங்கியது. டிம்பர்லேக் நகரம் எழவேயில்லை. ஏரிக்கரையில் இன்று இருப்பவற்றுள் ஓய்வுபெற்றோர் குடியிருப்பும் கோல்ஃப் மைதானங்களும் உண்டு.