உள்விளிம்பைப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் காரின் பின் டயரில் முதலில் தேய்வது கண்ணுக்குத் தெரியாத பக்கம். வளைவில் வண்டி சாலையைப் பிடித்து நிற்க வேண்டுமென்று சக்கரத்தின் மேற்பகுதியைச் சற்றே உள்ளே சாய்த்து வைத்திருப்பார்கள். கேம்பர் என்பது அதுதான். நேர்ச்சாலையில் ஓடும்போது பாரம் உள்விளிம்பில் கூடுதலாக விழும். வெளியே நின்று பார்க்கிறவருக்கு டயர் இன்னும் ஒரு வருடம் ஓடும் போலத்தான் தெரியும். லிஃப்டில் ஏற்றிக் குனிந்து பார்த்தால் உள்பக்கம் பட்டன் தேய்ந்து மொட்டையாகி, கம்பி இழை தலைகாட்டிக்கொண்டிருக்கும்.

கோவையில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு டயர் கடையில் இதை நேரில் பார்த்தேன். நண்பர் தம்முடைய போர்ஷே 718 கேமனுக்கு டயர் மாற்றக் கிளம்பினார். டயர் வேலை செய்கிறவர்களைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு, கூடவே போனேன். வேகமான வண்டிகள் கோவைக்குப் புதிதில்லை. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் இந்த ஊர்க்காரர். 1995இல் வானூர்தி விபத்தில் இறந்த அவருடைய பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பந்தய வீரர் நரேன் கார்த்திகேயனுக்கும் இதே ஊர்தான். டிராக்கில் ஓடித் தேய்ந்த டயரையும் ஊட்டி மலைப்பாதையில் தேய்ந்த டயரையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லும் ஃபிட்டர்கள் இங்கே இருப்பதில் வியப்பில்லை.

அந்தக் கடையின் மூத்த ஃபிட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். காரை ஏற்றியதும் டயரை வெறுங்கையால் தொடவில்லை. முதலில் பழந்துணி ஒன்றை உள்விளிம்பில் வைத்து ஒரு சுற்று இழுத்தார். துணி ஓரிடத்தில் சிக்கியது. “கம்பி வந்திருச்சுங்க சார். கைய வெச்சா அறுத்துப்போடும்” என்றார். அவருடைய விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள் வரிசையாக இருந்தன. பிறகு முன் டயருக்குப் போய் உள்ளங்கையை ஒரு திசையில் தடவினார், மறு திசையிலும் தடவினார். ஒரு பக்கம் வழவழப்பு, மறு பக்கம் அரம் போலச் சொரசொரப்பு. டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கும் கோணம், விலகியிருக்கிறது, புது டயர் போட்டதும் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் அதுவும் இதே கதிக்கு வரும் என்றார். கம்ப்யூட்டர் அலைன்மென்ட் மெஷின் பிற்பாடு காட்டிய எண்களும் அதையே சொல்லின.

ரிம்மிலிருந்து கழற்றிய டயரின் உள்ளே டார்ச் அடித்துக் காட்டியதுதான் எனக்குப் பெரிய பாடம். இடது பின் டயருக்குள் கறுப்புப் பொடி சிதறிக் கிடந்தது. காற்று குறைவாக இருந்தபோது ஓட்டியதில் சைடுவால் மடங்கி மடங்கி, உள்ளேயே அரைபட்டு உதிர்ந்த ரப்பர் அது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பட்டன் மிச்சம் இருந்தாலும் இந்த மாதிரி டயரை மறுபடி மாட்டக் கூடாது; வேகத்தில் வெடித்துவிடும்.

எந்த டயர் போடுவது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசை சரி என்றே நினைக்கிறேன். பழைய டயர் சொல்வதைக் கேட்காமல் பிராண்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

இந்த வண்டிக்கு முன்னால் 235/40 ஆர்19, பின்னால் 265/40 ஆர்19. முன்னும் பின்னும் வேறு அகலம் என்பதால் இடம் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய வழியில்லை. எஞ்சின் நடுவில், இருக்கைக்குப் பின்னால் இருப்பதால் பாரமும் இழுவையும் பின்சக்கரத்தின் மேல். பின் டயர்தான் முதலில் தீரும். பக்கச்சுவரில் என்0, என்1 என்று ஒரு குறி இருக்கும். போர்ஷே தன் வண்டிக்கென்று சோதித்து ஒப்புக்கொண்ட டயர் என்பதற்கான அடையாளம் அது. பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரக் குறி, மெர்சிடிஸுக்கு எம்ஓ. ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் குறி மாறினால் உள்கட்டுமானம் மாறியிருக்கலாம். நான்கிலும் ஒரே குறி இருப்பதுதான் முறை.

நண்பருக்கு மிஷெலின் கப் 2 மேல் கண். டிராக்கில் அந்த டயர் பசை போட்டாற்போல ஒட்டும் என்பது உண்மை. மூத்தவர் ஒரே கேள்வி கேட்டார்: “டிராக்குக்கு வருசத்துல எத்தன நாள் போவீங்க? ஊட்டிக்கு எத்தன நாள்?” பதிலை நண்பர் சொல்லவே தேவைப்படவில்லை. கப் 2 போன்ற டயரில் பட்டன் ஆழம் குறைவு. ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் தண்ணீர் தேங்கினால் அதை ஒதுக்கித் தள்ள வாய்க்கால் போதாது. மார்கழி விடியலில் ஊட்டியில் புல்மேல் உறைபனி படியும். 7 டிகிரிக்குக் கீழே போனாலே கோடைக்கால ரப்பர் இறுகிப் பிடிமானம் இழக்கும், டிராக் ரப்பர் இன்னும் மோசம். கடைசியில் பைரெல்லி பி ஜீரோ என்று முடிவானது. என் கணக்கிலும் அதுவே சரி. சாலையில் ஓடும் காருக்கு மழையில் நிறுத்துகிற டயர்தான் நல்ல டயர்.

முடிவு செய்தாலும் சரக்கு கிடைக்க வேண்டுமே. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது, ஐஎஸ்ஐ முத்திரையும் வேண்டும். தமிழ்நாட்டில் திருவொற்றியூர் தொடங்கி ஒரகடம் வரை டயர் ஆலைகள் நிறைய உண்டு. ஆனால் இந்த அளவில், இந்தக் குறியோடு வேண்டுமென்றால் இறக்குமதியைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. தட்டுப்பாட்டில் பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. ஆகவே தேதியைப் படியுங்கள். பக்கச்சுவரில் டிஓடி எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுதாக அச்சிட்டிருப்பதும் உண்டு. மாட்டிய பிறகு தேடினால் அந்தப் பக்கம் உள்ளே போயிருக்கலாம்.

டயரை மாட்டுவதை விவரித்தால் பக்கம் போதாது. வால்வு ஓரமாக இருக்கும் காற்றழுத்த சென்சாரில் மெஷினின் கை படாமல் திருப்பி வைத்தார்கள். விளிம்பில் பேஸ்ட் தடவினார்கள். ‘அவுட்சைட்’ என்று எழுதிய பக்கம் வெளியே வருகிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். காற்று ஏற ஏற டயரின் விளிம்பு ரிம்மில் போய் உட்கார்ந்தது, ‘டப்’ ‘டப்’ என்று இரண்டு சத்தம். பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் பழைய ஒட்டு வெயிட்டுகளின் பசையைச் சுரண்டித் துடைத்த பிறகே புது வெயிட்டை ஒட்டினார். பசை மேல் பசை ஒட்டினால் வேகத்தில் பறந்துவிடும். கடைசி போல்ட்டை ஏர் கன்னால் முறுக்கவில்லை. டார்க் ரெஞ்சை 160 நியூட்டன் மீட்டருக்கு வைத்து, ‘கிளிக்’ கேட்கும்வரை கையால் அழுத்தினார் மூத்தவர்.

நாள் முழுவதும் குனிந்து நிமிரும் வேலை. மூத்தவர் இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். காதடைக்கும் கம்ப்ரசர் சத்தத்துக்கு யார் காதிலும் எதுவும் இல்லை. டயருக்கு லட்சங்களில் பில் போடும் தொழிலில் கையுறையும் காதுறையும் முதலாளிகள் வாங்கித் தர முடியாத செலவா? கேட்க வேண்டிய கேள்வி இது. வாடிக்கையாளரும் கேட்கலாம்.

டயர் மாற்றப் போனால் சாவியைக் கொடுத்துவிட்டு ஏசி அறையில் உட்காராதீர்கள். லிஃப்ட் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய டயரின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், கட்டாயம் காட்டுவார்கள். புது டயரில் முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டுங்கள்.