நெய்வேலிக்கு அடியில் இருந்த ஊர்கள்

நெய்வேலின்னா நகரத்து நண்பர்களுக்குக் கரண்டு ஞாபகம் வரும். எங்க கடலூர் மாவட்டத்து விவசாயிகளுக்குத் தண்ணிதான் ஞாபகம் வரும். கதை தொடங்கினதே தண்ணியிலதான்.

1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல கிணறு போட்டப்போ, ஊத்துத் தண்ணியோட கறுப்பா ஏதோ வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956ல் நிறுவனம் பதிவாச்சு. 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வச்சார். மேல்மண்ணை அள்ளி அள்ளி, 1961 ஆகஸ்ட்லதான் கரி கண்ணுல பட்டுச்சு. அடுத்த வருஷமே சோவியத் உதவியோட கட்டின அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது.

இங்க கரி எடுக்கிறது குகைக்குள்ள இறங்கி வெட்டுற வேலை இல்லை. 50 மீட்டருக்கும் மேல மண்ணை அப்படியே அள்ளி அந்தப் பக்கம் கொட்டணும். ஜெர்மனிக்காரங்க செஞ்ச ராட்சத சக்கர இயந்திரம் அந்த வேலையைச் செய்யுது. கரிக்கு அடியில அழுத்தத்தோட ஒரு பெரிய நீரோட்டம் இருக்கு. அதை ராத்திரி பகலா இறைக்காம விட்டா, சுரங்கத்தோட தரையே பிச்சுக்கிட்டு தண்ணி மேல வந்துடும். ஒரு காலத்துல இந்தச் சுத்துவட்டாரத்துல மோட்டாரே இல்லாம பொங்கி வழிஞ்ச கிணறுங்களுக்கு உயிர் கொடுத்தது இந்தத் தண்ணிதான். இன்னைக்குச் சுத்துப்பட்டு விவசாயி போர் ஆழத்தைக் கூட்டிக்கிட்டே போறான். ஆனா இறைச்ச தண்ணி பரவனாறு வழியா வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய், அங்க நெல்லும் விளையுது. ஒருத்தன் கிணறு வத்துது, இன்னொருத்தன் ஏரி நிறையுது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் நெய்வேலி புரியும்.

மண்ணும் அப்படித்தான். முந்திரியும் பலாவும் தழைச்ச செம்மண் கொல்லைங்க அது. மேல இருந்த மண் அடியில போயி, அடியில கிடந்த உயிரில்லாத மண் மேல வந்தா, பயிருக்கு எதுவும் கிடைக்காது. அந்த மண்மேடுகள்ல மரம் வச்சு வளர்த்திருக்காங்க, அதை மறுக்கலை. ஆனா மண்ணைத் திரும்ப விளைநிலமாக்க ஒரு தலைமுறை உழைப்பு வேணும்.

கொடுத்ததையும் சொல்லணும். வட்டம் வட்டமாப் பிரிச்ச நகரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பல குடும்பங்களுக்கு மாசச் சம்பளம். ஆனா நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைங்கள்ல பலர் இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். நிரந்தர வேலை கேட்டு நடக்கிற போராட்டம் எத்தனையோ வருஷமா ஓயலை.

காசால அளக்க முடியாதது ஒண்ணு இருக்கு. ஊர் பெயர்றப்போ குலசாமி இருந்த இடத்துலேர்ந்து பிடிமண் எடுத்துட்டுப் போய் புது இடத்துல சாமியை வைக்கிறது நம்ம வழக்கம். சாமி வந்துடும். ஆனா அந்த ஊர்க் குளத்தோட பேரு, களத்துமேட்டுப் புளியமரம், எந்தக் கொல்லையில எது விளையும்ங்கிற கணக்கு, இதெல்லாம் பிடிமண்ணுக்குள்ள அடங்காது. சர்வே நம்பர்லயும் இருக்காது. தெரிஞ்ச கிழவன் கிழவி போனா அதுவும் போச்சு.

இது பழங்கதையும் இல்லை. 2023 ஜூலையில வளையமாதேவியில, கதிர் வர்ற நேரத்துல நின்ன நெல்லு மேல வாய்க்கால் வெட்ட இயந்திரம் இறங்கினதை நீங்களும் டிவியில பார்த்திருப்பீங்க. நிலம் எடுக்கிற பேச்சுல அடிபட்ட மத்த ஊர்ப் பேருங்களைக் கேளுங்க: கத்தாழை, கரிவெட்டி, மும்முடிச்சோழகன். மும்முடிச்சோழன்ங்கிறது ராஜராஜனோட பட்டப்பேரு. ஆயிரம் வருஷத்துப் பட்டத்தை ஒரு சின்னக் கிராமம் சத்தமில்லாம சுமந்துக்கிட்டு இருக்கு.

கரி வேணாம்னு நான் சொன்னா நீங்க சிரிப்பீங்க. என் மோட்டாரும் கரண்டுலதான் ஓடுது. நான் கேக்கிறது சின்ன விஷயம். இந்தப் பக்கத்துலேர்ந்து நகரத்துக்குப் போய் குடியேறினவங்க உங்கள்ல நிறையப் பேர் இருப்பீங்க. இந்தப் பொங்கலுக்கு வர்றப்போ, வீட்டுப் பெரியவங்களை உக்கார வச்சு, பழைய ஊரோட குளம், கோயில், கொல்லை, வழிப்பாதை ஒவ்வொண்ணோட பேரையும் கேட்டு எழுதி வைங்க. ஒரு நாப்பது பக்க நோட்டு போதும்.