உம்மாவின் பேச்சுக்குச் சான்று கேட்கும் கலைக்களஞ்சியம்

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து, லீவு நாட்களில் தமிழ் விக்கிப்பீடியாவின் மொழியியல் கட்டுரைகளைத் திருத்தி வருகிறோம் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அதில என்ன பிரயோசனம்? சம்பளமா, பதவி உயர்வுக்குப் புள்ளியா?" இரண்டும் இல்லை. ஆனாலும் ஏன் செய்கிறோம் என்பதை ஒருமுறை விளக்கமாக எழுதி வைக்கலாம் என்று நினைத்தோம்.

ஆங்கில விக்கிப்பீடியா 2001இல் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதைத் தொடக்கத்தில் தாங்கி நின்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது. அந்தக் களஞ்சியத்தில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலானோர் நம்மைப் போலச் சம்பளமில்லாத ஆட்கள்தான்.

மொழியியல் பக்கங்களுக்குப் போனால் வேலை நிறையக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் மொழியியலுக்கென்றே தனியாக ஒரு விக்கித்திட்டம் வைத்து, எந்தக் கட்டுரை எந்தத் தரத்தில் இருக்கிறது, எது முக்கியமானது என்று பட்டியலிட்டு வேலை செய்கிறார்கள். தமிழில் பல தலைப்புகள் இன்னும் நாலு வரிக் குறுங்கட்டுரைகளாகவே நிற்கின்றன. மொழிபெயர்த்துப் போட்ட சிலவற்றில் விளக்கம் தமிழில் இருக்கும், உதாரணம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒலியன் என்றால் என்ன என்று தேடி வரும் உயர்தரப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்களைக் காட்டினால் அது என்ன விளங்கும்?

ஆகவே நாங்கள் செய்வதில் முக்கால்வாசி சில்லறை வேலைதான். ஆங்கில உதாரணத்தை எடுத்துவிட்டு, இலக்கண நூலில் உள்ள தமிழ் உதாரணத்தைப் பக்க எண்ணோடு போடுவது. எழுத்துப் பிழை திருத்துவது. இந்தியாவில் ஒரு கலைச்சொல்லும் இலங்கையில் வேறொன்றும் இருந்தால், எதைத் தேடினாலும் ஒரே பக்கத்துக்கு வரும்படி வழிமாற்று வைப்பது. நம் பிள்ளைகள் பௌதிகவியல் என்றும் அங்குள்ள பிள்ளைகள் இயற்பியல் என்றும் படிப்பதால் இந்தச் சிக்கல் எல்லாப் பாடத்திலும் உண்டு. ஒரு லெப்டொப், மூன்று போன், இரண்டு மணித்தியாலம். ஒரு கட்டுரை கொஞ்சம் நேராகும்.

ஆனால் இந்த வேலை எங்களை ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதைத்தான் சொல்ல வந்தோம்.

தமிழில் 'ப' ஓர் எழுத்து. 'பல்' என்னும்போது ஒரு மாதிரியும் 'தம்பி' என்னும்போது வேறு மாதிரியும் ஒலிக்கிறது. எந்த இடத்தில் எது வரும் என்பது தானாகவே முடிவாகிவிடுவதால் இரண்டுக்கும் ஓர் எழுத்துப் போதும். இது பாடநூல் விளக்கம். இப்போது நம் ஊர்ப் பேச்சைக் கேளுங்கள். 'நல்ல பாங்கு' என்னும்போது, தன்மை என்ற பொருளில், உதட்டை அழுத்திச் சொல்கிறோம். 'பள்ளியில பாங்கு சொல்லியாச்சு' என்னும்போது, தொழுகை அழைப்பு என்ற பொருளில், அதே எழுத்தைத் 'தம்பி'யில் வரும் ஒலியோடு சொல்கிறோம். பாரசீகத்திலிருந்து வந்த சொல் அது. எழுதினால் இரண்டும் ஒன்று. சொன்னால் இரண்டு சொல், இரண்டு பொருள். ஒலியன் என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் அதைக் கட்டுரையில் போட முடியாது. அச்சில் வந்த நம்பகமான ஒரு நூலோ ஆய்வோ அதைச் சொல்லியிருக்க வேண்டும். விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. சான்று இல்லாத வரிக்குப் பக்கத்தில் 'சான்று தேவை' என்று சின்னதாக ஒரு குறிப்பு வந்து உட்காரும். பிறகு யாராவது அந்த வரியையே எடுத்துவிடுவார்கள்.

எங்களில் கணித ஆசிரியர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "உம்மா பேசின பேச்சுக்குப் புத்தகத்தில சான்று தேடணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு கிழமை அதைப் பற்றியே பேசினோம். கடைசியில் எல்லோரும் அந்த விதியின் பக்கமே வந்து சேர்ந்தோம். காரணம் இதுதான். நம் வாயில் உள்ளதை நாம் சான்றில்லாமல் எழுதலாம் என்றால், 'முஸ்லிம்கள் பேசுவது கொச்சைத் தமிழ்' என்று இன்னொருவரும் சான்றில்லாமல் எழுதலாம். நம் வரியைத் தடுக்கிற அதே கதவுதான் அந்த வரியையும் வெளியே நிறுத்துகிறது.

அடுத்த கேள்வி: சான்று ஏன் இவ்வளவு குறைவு? இலங்கைத் தமிழ் என்று தேடினால் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழ்தான் வரும். இதில் யாருடைய சதியும் இல்லை. யாழ்ப்பாணத் தமிழைப் பற்றிப் பேராசிரியர் சு. சுசீந்திரராசா போன்றவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியது இருப்பதால் சான்று இருக்கிறது, சான்று இருப்பதால் கட்டுரை இருக்கிறது. நம் பக்கத்தில் கல்முனை தந்த எம். ஏ. நுஃமான் சேர் இருக்கிறார். அவருடைய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' இல்லாமல் எங்கள் மேசையில் வேலை ஓடாது. முஸ்லிம்களின் பேச்சுத் தமிழை மொழியியல் கண்ணோடு பார்த்த ஆய்வாளர்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி ஆங்கில ஆய்விதழ்களில் இருக்கிறது. நம் ஊர் வாசிகசாலையில் கிடைக்காது.

அப்படித் தேடி வாசித்தபோதுதான், முஸ்லிம் தமிழ் என்று ஒரே தமிழ் இல்லை என்பது எங்களுக்கு ஒழுங்காக விளங்கியது. மூத்த சகோதரியைக் கிழக்கில் 'ராத்தா' என்கிறோம். தெற்கிலும் மேற்கிலும் பல ஊர்களில் 'தாத்தா' என்கிறார்கள். தமிழ்நாட்டுக்காரருக்குத் தாத்தா என்றால் பாட்டனார். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். ஒரு சொல்லை வைத்து எத்தனை குடும்பம்!

இன்னொன்று இதைவிட முக்கியம். கிழக்கில் 'நான் போறன்', 'அவன் போறான்' என்று வினையின் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். சிங்களம் சூழ்ந்த ஊர்களில் உள்ள நம்மவர் பேச்சில் 'நான் போற', 'நீ போற', 'அவர் போற' என்று ஒரே முடிவு நிற்கிறது. கேட்கிறவர்கள் 'இலக்கணம் தெரியாத பேச்சு' என்று சிரிப்பார்கள். ஆய்வாளர்கள் சிரிக்கவில்லை. இங்கே வினைமுற்று, இடத்தையும் பாலையும் காட்டும் விகுதியை இழந்திருக்கிறது, அதுவும் ஓர் ஒழுங்கோடு நடந்திருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பேச்சுச் சிங்களத்திலும் 'மம யனவா', 'எயா யனவா' என்று ஒரே முடிவுதான். அதை யாரும் பிழைச் சிங்களம் என்று சொல்வதில்லை.

பரீட்சைத் தாளில் 'நான் போற' என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. 'நான் போகிறேன்' என்று எழுதப் பழக்குவது நம் கடமை, அதை விட முடியாது. ஆனால் எழுத்துத் தமிழைக் கற்பிப்பதற்குப் பிள்ளையின் வீட்டுத் தமிழைக் கேவலப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை. ஒரு சமூகத்தில் எழுத்துக்கு ஒரு வழக்கும் வீட்டுக்கு ஒரு வழக்கும் இருப்பதைச் சார்ள்ஸ் ஃபேர்கசன் 1959இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவர் விரிவாக எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளில் அறபும் ஒன்று. தமிழில் இதை இரட்டை வழக்கு என்கிறோம். நம் பிள்ளைகள் காலையில் குர்ஆன் மத்ரஸாவில் யாருடைய வீட்டிலும் பேசாத அறபையும், பிறகு பாடசாலையில் யாருடைய வீட்டிலும் பேசாத தமிழையும் படிக்கிறார்கள். இரண்டையும் தாங்குகிற மூளையைக் குறைவாக எடை போடக் கூடாது.

கலைக்களஞ்சியத்தில் எழுதுவதற்கு வேறொரு ஒழுக்கமும் வேண்டும். நமக்குப் பிடித்த முடிவை எழுதக் கூடாது. இலங்கை மலாயை எடுங்கள். வினை கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. இந்தோனேசியப் பக்கத்து மலாய் அப்படி இல்லை. நம்மவரோடு செய்த கலியாண உறவுகளால் முஸ்லிம் தமிழ் அதன் இலக்கணத்தை மாற்றியது என்பது ஒரு சாராரின் கருத்து. சிங்களமும் சேர்ந்துதான் மாற்றியது, தமிழுக்கு மட்டும் அந்தப் பங்கைக் கொடுக்க முடியாது என்பது மறுசாராரின் கருத்து. முதலாவது நமக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனாலும் இரண்டையும், யார் சொன்னது என்ற விபரத்தோடு, பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். அறபுத் தமிழும் அப்படித்தான். அதைத் தனி மொழி என்று எழுத நமக்கு ஆசையாக இருக்கலாம். அறபு எழுத்தில், கூடுதல் குறிகள் சேர்த்து எழுதிய தமிழ் என்று சொல்பவர்களின் கருத்துக்கும் சம இடம் கொடுக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் வகுப்பறைக்கும் உதவுகிறது. 'இதை யார் சொன்னது? எங்கே எழுதியிருக்கு?' என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்புகிற காலத்தில் இது சின்ன விசயம் இல்லை.

எல்லாவற்றையும் விட எங்களுக்குக் கவலை தருவது நேரம். 'பாங்கு' உதாரணத்தை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு மாணவர் ஆய்வாக எழுதுவார். ஆனால் எண்பது வயது மூத்தம்மாவின் வாயில் உள்ள சொற்கள் அவரோடு போய்விட்டால், பிறகு சான்று தேட ஆளே இல்லை. கலைக்களஞ்சியம் கடைசிப் படி. அதற்கு முன்னால் பதிவு செய்ய ஆள் வேண்டும், ஆராய ஆள் வேண்டும், அச்சிட ஆள் வேண்டும். அந்தப் படிகள் காலியாக இருக்கும்போது விக்கிப்பீடியாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று: வீட்டு அலுமாரியில் பழைய பாடசாலை மலர், பள்ளிவாசல் மலர், ஊர் வரலாற்று நூல் இருந்தால் பழைய பேப்பர்காரருக்குக் கொடுக்க வேண்டாம். 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் தளத்துக்குக் கொடுங்கள். அங்கே ஏறினால் எவரும் எடுத்துப் பார்க்கலாம், சான்று காட்டலாம்.

இரண்டு: பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால், உங்கள் ஊர்ப் பேச்சை எடுங்கள். முடித்ததும் அதை எங்காவது அச்சில் கொண்டு வாருங்கள்.

மூன்று: வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்களின் சம்மதத்தோடு, பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். சொற்களின் உச்சரிப்பை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். எப்படி என்று நாங்கள் காட்டித் தருவோம்.

நான்கு: ஆங்கில ஆய்விதழ்களை வாசிக்கக்கூடியவர்கள் மாதத்துக்கு ஒரு கட்டுரையின் சாரத்தைத் தமிழில் எங்களுக்கு எழுதித் தாருங்கள். விக்கிப்பீடியாவில் ஏற்றும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை அல்லாஹ் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்கிறான். நம் ஊர்ப் பேச்சும் அதில் ஒன்றுதானே. அடுத்த சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வழமையான இடத்தில் இருப்போம். வர விரும்புபவர்கள் போனையும், முடிந்தால் ஒரு பழைய புத்தகத்தையும் கொண்டு வாருங்கள். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.