ஐந்து வோல்ட்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் வண்டி மூன்றாவது முறையாக மூச்சு வாங்கியபோது, பின் சீட்டிலிருந்த மாணவி, "மேம், இறங்கித் தள்ளணுமா?" என்று கேட்டாள். தள்ளத் தேவையில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்னால் பேருந்து ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

மலையூர்ப் பெண்கள் பாடும் பாடல்களைப் பதிவு செய்ய மாணவிகளை அழைத்துப் போவதற்காகவே அந்த நான்கு சக்கர இழுவை டீசல் ஜீப்பைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தேன். மண் பாதையில் அது நன்றாகவே போனது. ஏற்றத்தில்தான் காலை வாரியது.

இதை மெக்கானிக்குகள் 'லிம்ப் மோட்' என்கிறார்கள். நொண்டி நடை என்று பொருள். இன்றைய வண்டிகளில் ஆக்ஸிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலை எவ்வளவு மிதித்தோம் என்பதை சென்சார் அளந்து எஞ்சினின் கணினிக்குச் சொல்கிறது. பெடலில் இரண்டு சென்சார்கள் உண்டு. இரண்டும் சொல்வது பொருந்தாவிட்டால் கணினி எதையும் நம்பாது. எஞ்சின் கெட்டுவிடாமலும் விபத்து நேராமலும் இருக்க சக்தியைக் குறைத்து, வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் ஓடவிடும். அணைத்துவிட்டு மறுபடி கிளப்பினால் பல சமயம் ஒன்றும் நடக்காததுபோல ஓடும்.

அப்படித்தான் என் வண்டியும் ஓடியது. அதுதான் என் சிக்கல்.

முதல் முறை பணிமனைக்குப் போனபோது, "சார் வரலையா மேடம்?" என்று கேட்டார்கள். பெடல் சென்சாரை மாற்றி 7,000 ரூபாய்க்கு மேல் பில் போட்டார்கள். அடுத்த மாதம் மலையில் அதே கதை. இந்த முறை எரிபொருள் அழுத்தத்தை அளக்கும் சென்சாரை மாற்றினார்கள். மூன்றாம் முறை வெள்ளைகேட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மேற்பார்வையாளர், "வண்டியில ஒண்ணும் இல்ல மேடம். ஹாஃப் கிளட்ச்சில ஓட்டுறீங்கபோல" என்றார். பணி அட்டையில் 'ஓட்டும் முறை' என்று எழுதினார். இருபது ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். அந்த இரண்டு சொற்களைப் படித்தபோது என் காலையே சந்தேகித்துக் குனிந்து பார்த்தேன்.

ஒவ்வொரு முறையும் கோளாறுக் குறியீட்டை அழித்துத்தான் வண்டியைத் திருப்பித் தந்தார்கள். அழித்தால் விளக்கு அணையும். அதோடு, கோளாறு நேர்ந்த கணத்தில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன, எவ்வளவு பாரம் இருந்தது என்று கணினி பிடித்துவைத்த பதிவும் போய்விடும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. புகார் சொன்னவளின் வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஆதாரம் எங்கே என்று அவளிடமே கேட்கும் வழக்கம் நமக்குப் புதிதா என்ன?

ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு ஊசி பொருந்தும் ஒரு சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்கள் முதல் அது கட்டாயம். புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்த விதி அது. கம்பெனிக்காரர் மட்டுமல்லாமல் வெளி மெக்கானிக்கும் படிக்கும்படி குறியீடுகளைப் பொதுவாக்கினார்கள். இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதிகள் வந்தபின் டீசல் வண்டிகளில் சென்சார்கள் இன்னும் பெருகின. அந்த சாக்கெட்டில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கிக் கைபேசியோடு இணைத்தேன். கூடவே ஒரு குறிப்பேடும் வைத்துக்கொண்டேன். நாள், இடம், கியர், ஏற்றமா சமதளமா, உள்ளே எத்தனை பேர் என்று எழுதினேன். கள ஆய்வுக்குப் போகிறவளுக்கு இது பழகிய வேலைதான்.

இரண்டு மாதத்தில் ஐந்து பதிவுகள் சேர்ந்தன. ஐந்தும் கடும் ஏற்றம், இரண்டாவது கியர், ஆக்ஸிலரேட்டர் முழு மிதி. காஞ்சிபுரம் தெருக்களில் ஒருமுறைகூட இல்லை. வெள்ளைகேட் வரை ஓட்டிப் பார்த்தவருக்கு அது எப்படி அகப்படும்? ஐந்து முறையும் மூன்று குறியீடுகள் சேர்ந்தே வந்தன. ஒன்று பெடல் சென்சாரைக் குறித்தது. இன்னொன்று எரிபொருள் அழுத்த சென்சாரை. மூன்றாவது, பி0642. சென்சார்களுக்குப் போகும் ஆதார மின்னழுத்தம் குறைகிறது என்று அதற்குப் பொருள்.

சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடு பார்ப்பவர்களுக்கு ஒரு விதி தெரியும். மூன்று ஏடுகளில் ஒரே பிழை ஒரே இடத்தில் வந்தால், எழுதிய மூவரும் தனித்தனியே தவறினார்கள் என்று கொள்ளமாட்டோம். மூவரும் பார்த்து எழுதிய மூல ஏட்டைத் தேடுவோம். இங்கே மூல ஏடு அந்த ஐந்து வோல்ட் மின்சாரம். கணினி பல சென்சார்களுக்கு அதைப் பொதுவாக அனுப்புகிறது. வழியில் ஒரு கம்பி உலோகத்தில் பட்டால் அதை நம்பியிருக்கும் எல்லா சென்சார்களும் ஒரே நேரத்தில் உளறும். நன்றாயிருந்த சென்சார்களைத்தான் நாங்கள் மாற்றிக்கொண்டிருந்தோம்.

செவிலிமேடு பக்கம் ஒரு சின்ன வயரிங் கடை. அங்கிருந்த பெரியவர் என் குறிப்பேட்டை முழுதாகப் படித்தார். "எப்பவும் ரெண்டாவது கியர்தானாம்மா?" என்று மட்டும் கேட்டார். பானெட்டைத் திறந்துவைத்து, என்னை பிரேக்கை அழுத்தியபடி கியர் போட்டு கிளட்ச்சைக் கொஞ்சம் விடச் சொன்னார். பாரம் ஏறியதும் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் சாயும்போது வயர்க் கட்டு ஓர் இரும்புத் தாங்கியில் உரசி, தோல் உரிந்து, நகக்கண் அளவு செம்பு வெளியே தெரிந்தது. பற்றவைத்து, உறை போட்டு, தாங்கியிலிருந்து தள்ளிக் கட்டினார். 600 ரூபாய். அதற்குப் பிறகு அந்த விளக்கு எரியவில்லை.

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் காரோட்டிப் போனார். அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்ததாகவும், தேய்ந்த வயரைக் காலுறைப் பட்டியால் சுற்றியதாகவும் சொல்கிறார்கள். 1886இல் அந்தக் காருக்கான காப்புரிமை கணவர் கார்ல் பென்ஸ் பெயரில் வந்தது. பெர்த்தாவின் சீதனப் பணம் அந்தத் தொழிலில் போயிருந்தது. காரின் முதல் நெடும்பயணத்திலேயே வயர் பிரச்சினையைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண். 130 ஆண்டுகள் கழித்தும் என்னிடம் "சார் வரலையா?" என்று கேட்கிறார்கள்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அந்தக் குறிப்பேட்டின் அடுத்த பக்கம் என் வகுப்பறையின் வருகைப் பதிவு. முதல் மணியில் தூங்கி விழும் ஒரு மாணவியை அந்தப் பருவத்தில் நான் இரண்டு முறை இடம் மாற்றி உட்காரவைத்திருந்தேன். மதிப்பெண் பட்டியலில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருந்தேன். அது 'ஓட்டும் முறை' என்பதுபோல்தான் இருந்தது. அவள் எந்தெந்த நாட்களில் தூங்குகிறாள் என்று நான் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை.

கேட்டபோது சொன்னாள். வீடு பிள்ளையார்பாளையம். அப்பா தறி. முகூர்த்த மாதங்களில் சேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்று இரவு ஒரு மணி வரை தார் சுற்றுகிறாள். அம்மாவுக்குக் கை வலி. "கூலி அப்பா பேர்லதான் மேம் வரும், நாங்க சுத்துறது அதுலயே சேர்ந்துடும்" என்றாள். வகுப்பில் அவளைப்போல இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஐவரையும் தனித்தனிப் பிழைகளாகவே நான் திருத்திக்கொண்டிருந்தேன்.

அவள் இன்னும் தார் சுற்றுகிறாள். அந்தக் கூலியைப் பிரித்துத் தரவைக்க என்னால் முடியவில்லை. திங்கட்கிழமை முதல் மணித் தேர்வுகளை மதியத்துக்கு மாற்றினேன். பட்டியலில் எழுதியிருந்த அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிவைத்தேன். அடுத்த ஜமுனாமரத்தூர்ப் பயணத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து கைபேசியில் எண்களைப் படித்துச் சொன்னவள் அவள்தான்.